வீட்டுக் கெக்கும் வெவ்வேறு கேஸ் சிலிண்டர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் வீட்டில் கெக், அதாவது பானத்தைக் கேஸ் அழுத்தத்தில் அடைத்து வைக்கும் ஸ்டீல் பாத்திரம், வைத்திருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் அதில் சோடா போடுகிறார்கள், சிலர் கொம்புச்சா என்கிற புளிக்கவைத்த தேநீர், சிலர் குளிர்ந்த காபி. கெக் அமெரிக்காவிலிருந்து யாராவது வரும்போது வருகிறது, கேஸ் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் ஜெர்மனியிலிருந்து, சிலிண்டர் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அப்போது ஆரம்பிக்கும் கேள்விகளில் என்னிடம் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்தப் புது சிலிண்டர் கைக்கு வந்தாலும் முதலில் மூன்று விஷயம் தெரிய வேண்டும். உள்ளே என்ன வாயு, அது எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது, வால்வில் என்ன மரை, அதாவது என்ன த்ரெட். மூன்றும் தெரியும்வரை ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

பெங்களூரில் வீட்டில் பீர் காய்ச்சி கெக்கில் போடலாமா?

கூடாது. கர்நாடகத்தின் 1965-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். பிரிட்டனில் 1963 முதல் வீட்டு உபயோகத்துக்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-இல் வந்த மத்தியச் சட்டம் அதற்கு வழிவிட்டது. நாம் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் அந்த ஊர்களிலிருந்து வருவதால், இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பேசுவது கேஸ் இணைப்பை மட்டும். பீருக்கான எண்கள் அனுமதி உள்ள ஊர்களில் இருக்கும் வாசகர்களுக்கு. இங்கே அதே கெக், அதே ரெகுலேட்டரில் சோடாவும் ஆல்கஹால் இல்லாத இஞ்சிப் பானமும் காபியும் அருமையாக வரும்.

சிலிண்டரிலிருந்து கெக் வரை என்னென்ன சாமான் வேண்டும்?

சிலிண்டர், அதன் வாயில் வாஷர், ரெகுலேட்டர், கேஸையும் பானத்தையும் திரும்பி வரவிடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு, கேஸ் ட்யூப், கெக்கின் தலையில் மாட்டும் டிஸ்கனெக்ட். அவ்வளவுதான். வீட்டில் பெரும்பாலும் இருப்பது 19 லிட்டர் பால்-லாக் (ball-lock) கெக். அதன் தலையில் இரண்டு காம்புகள் இருக்கும். கேஸ் போகும் காம்பின் அடிப்பக்க விளிம்பில் சின்ன வெட்டுகள் இருக்கும்; பானம் வரும் காம்பில் இருக்காது. டிஸ்கனெக்டில் சாம்பல் நிறம் கேஸுக்கு, கறுப்பு பானத்துக்கு. மாற்றி மாட்டினால் முதலில் உள்ளே போவது போலத் தெரியும், பிறகு கழற்ற வராது. அழுத்திக் குத்த வேண்டாம். வெட்டு இருக்கும் காம்பைத் தடவிப் பார்த்து மாட்டுங்கள்.

ட்யூபைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மெல்லிய சிலிகான் ட்யூப் இதற்கு ஆகாது. அழுத்தம் தாங்காது, கார்பன் டை ஆக்சைடும் அதன் சுவர் வழியாகவே கசியும். எஸ்.பி. ரோடு, பீன்யா பக்கம் நியூமாட்டிக் கடைகளில் 8 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள ட்யூப் கிடைக்கிறது. அமெரிக்காவின் 5/16 அங்குல புஷ்-ஃபிட்டிங்கில் அது சரியாக உட்காரும், ஏனென்றால் 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து ரெகுலேட்டர் கொண்டுவந்தார். இங்குள்ள சிலிண்டரில் ஏறவில்லை. கொஞ்சம் அழுத்தித் திருகலாமா?

வேண்டாம். அதிகம் வரும் கேள்வி இதுதான், ஆபத்து அதிகம் உள்ளதும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்கக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் மரைக்கு சி.ஜி.ஏ. 320 என்று பெயர். விட்டம் 0.825 அங்குலம், ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். ஜெர்மனியில் புழங்கும் டபிள்யூ 21.8 மரையின் விட்டம் 21.8 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் மரை 0.860 அங்குலம், அதுவும் மில்லிமீட்டரில் 21.8 பக்கம்தான் வரும். இந்த மூன்றிலும் ஓர் அங்குலத்துக்கு 14 சுற்று. ஆகவே ஜெர்மன், பிரிட்டிஷ் அளவுகள் நெருங்கிய சொந்தம். அமெரிக்க அளவு மட்டும் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் சிறியது.

இந்த ஒரு மில்லிமீட்டர்தான் பிரச்சினை. அமெரிக்க ரெகுலேட்டரின் நட்டு 21.8 வால்வில் ஏறவே ஏறாது, அதனால் பெரிய ஆபத்து இல்லை. ஸ்பேனர் போட்டு மல்லுக்கட்டினால் மரைதான் நாசமாகும். தலைகீழாக நினைத்துப் பாருங்கள். ஜெர்மன் ரெகுலேட்டரின் பெரிய நட்டை அமெரிக்க வால்வில் போட்டால், சுற்று எண்ணிக்கை ஒன்றே என்பதால் அது சுகமாக ஏறிவிடும். இறுக்கினால் பிடித்தது போலவே தோன்றும். உண்மையில் மரையின் நுனி மட்டும்தான் நுனியைத் தொட்டுக்கொண்டிருக்கும். வால்வைத் திறந்ததும் 60 பாருக்கு மேல் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) அழுத்தம் அந்த நுனிகள் மேல் வந்து விழும். ரெகுலேட்டர் பிய்த்துக்கொண்டு பறக்க அது போதும்.

எப்படிச் சோதிப்பது? வெர்னியர் காலிப்பரால் வால்வின் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். பிறகு நட்டைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். ஐந்தாறு சுற்று இலகுவாகப் போக வேண்டும். பாதி வழியில் நிறுத்தி, நட்டைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அது உங்கள் ஜோடி இல்லை. அந்த நட்டை ஸ்பேனரால் சரிசெய்ய முடியாது.

தீர்வு, பித்தளையில் வரும் அடாப்டர். ஒரு பக்கம் 21.8, மறுபக்கம் 320. செடி வளர்க்கும் மீன்தொட்டிக்காரர்களுக்கும் இதே தலைவலி என்பதால் அந்த வட்டாரத்தில் இந்த அடாப்டர் பழக்கமான பொருள். இரண்டு பக்கமும் அதற்குரிய வாஷர் வேண்டும். ஒரு அடாப்டரோடு நிறுத்துங்கள். அடாப்டர் மேல் அடாப்டர் போட்டால் ரெகுலேட்டர் வால்விலிருந்து தள்ளிப் போய், இடிபடும்போது வால்வின் கழுத்தில் பாரம் இறங்கும்.

விமானத்தில் ரெகுலேட்டரைக் கொண்டு வரச் சொல்லலாம், சிலிண்டரை அல்ல. அப்படியே ஒன்று இங்கு வந்து சேர்ந்தாலும், இந்திய ஒப்புதல் இல்லாத சிலிண்டரை முறையான டீலர் நிரப்பித் தரக் கூடாது.

வீட்டு சோடா மெஷினின் சின்ன சிலிண்டரை கெக்கில் இணைக்கலாமா?

இணைக்கலாம். உள்ளே இருப்பது உணவுத்தரக் கார்பன் டை ஆக்சைடு, நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் மரை வேறு. உலகம் முழுக்க அதிகம் புழங்குவது டி.ஆர். 21-4 என்கிற மரை: 21 மில்லிமீட்டர் விட்டம், சுற்றுக்குச் சுற்று 4 மில்லிமீட்டர் இடைவெளி. அமெரிக்க மரையும் 21 மில்லிமீட்டர்தான் என்பதால் காலிப்பர் மட்டும் வைத்து முடிவுசெய்தால் ஏமாந்துபோவீர்கள். கண்ணால் பாருங்கள்: சோடா சிலிண்டரின் மரை அகலமாக, தட்டையாக இருக்கும், மற்றவை நெருக்கமாக, கூராக இருக்கும். ஆனால் எல்லாக் கம்பெனியும் ஒரே மரை வைப்பதில்லை. சில புது மாடல்களில் மரையே இல்லாமல் செருகும் வாய் வருகிறது. அதற்கு அடாப்டரும் வேறு.

இன்னொரு வித்தியாசம், இந்தச் சிலிண்டரில் திருகும் கைப்பிடி இல்லை. வால்வின் நடுவில் ஒரு ஊசி இருக்கும், அதை அழுத்தினால்தான் கேஸ் வரும். அதனால் ஊசியை அழுத்தும் அமைப்புள்ள அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும். மேலே குமிழ் வைத்து, மாட்டிய பிறகு ஊசியை மெதுவாக இறக்கும் வகை நல்லது. குமிழ் இல்லாத அடாப்டரில், கடைசி அரைச் சுற்றில் ஊசி அழுந்தி, வாஷர் இன்னும் இறுகாத நேரத்தில் ‘உஸ்ஸ்’ என்று கேஸ் பீறிட்டு விரல் நுனியில் பனி படியும். தோல் புண்ணாகும் அளவுக்குக் குளிர் அது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சிலிண்டரில் சுமார் 400 கிராம் கேஸ் இருக்கும். 19 லிட்டர் கெக் கணக்கில் ஒன்றரைக் கெக் சோடா வரும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

தீயணைப்பு சிலிண்டரிலும் கார்பன் டை ஆக்சைடுதானே?

வாயு அதேதான், ஆனால் சிலிண்டருக்குள் அடிவரை ஒரு குழாய் போகும். தீயணைக்கத் திரவமாகவே வெளியே வர வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்தத் திரவம் ரெகுலேட்டருக்குள் போனால் டயஃப்ரம் என்கிற சவ்வும் சீலும் உறைந்து கெட்டுவிடும், கீழே அழுத்தம் கட்டுப்பாடில்லாமல் ஏறும். உள்ளே என்ன சுத்தம் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அது சுவரில் தன் வேலைக்குத் தயாராகவே இருக்கட்டும்.

வெல்டிங் கடை கேஸ் மலிவாகக் கிடைக்கிறது. அதைப் போடலாமா?

மரை பொருந்தும், அழுத்தமும் ஒன்றே. ஆனாலும் நான் போட மாட்டேன், யாருக்கும் சொல்லவும் மாட்டேன். வெல்டிங்குக்கு நிரப்பும்போது நாவுக்கும் வயிற்றுக்கும் ஆகாத எண்ணெய், கந்தகச் சேர்மம் எல்லாம் எவ்வளவு இருக்கலாம் என்று யாரும் பார்ப்பதில்லை. அந்தச் சிலிண்டர் அதற்கு முன்பு எங்கெல்லாம் சுற்றி வந்தது என்பதும் தெரியாது. உணவில் சேர்க்கும் கார்பன் டை ஆக்சைடுக்கு ஐ.என்.எஸ். 290 என்ற எண் உண்டு. சோடா பாட்டில் லேபிளில் பார்த்திருப்பீர்கள். டீலரிடம் ‘ஃபுட் கிரேடு’ என்று வாயால் கேட்பதோடு விடாமல், பில்லிலும் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். 2 கிலோ கேஸில் மிச்சமாகும் காசு, பிள்ளைகள் குடிக்கும் சோடாவில் இந்த ஐயத்தை வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியதில்லை.

சமையல் கேஸ் ரெகுலேட்டர், ஆக்சிஜன், காற்று பம்ப்?

மூன்றும் கூடாது. சமையல் கேஸ் ரெகுலேட்டர் தாங்கும் அழுத்தம் வேறு. 60 பாரைப் பார்த்தால் உடையும். சமையல் கேஸைக் கெக்குக்குள் விடுவது பற்றிப் பேசவே வேண்டாம், அது எரிவாயு. எரியும் வாயுக்களின் வால்வில் பொதுவாக இடதுகை மரை இருக்கும். ஒரு நட்டு எதிர்த்திசையில் திரும்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆக்சிஜன் பீரையும் காபியையும் கெடுக்கும், எண்ணெய் பட்ட ஃபிட்டிங்கில் தீப்பிடிக்கவும் வைக்கும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதால் பம்ப் அடித்த பீர் ஒரு நாளில் ஈர அட்டை வாடை அடிக்க ஆரம்பிக்கும். விருந்தில் ஒரே மாலையில் கெக்கைக் காலி செய்பவர்கள்தான் கைப்பம்ப் வைத்திருக்கிறார்கள்.

நைட்ரஜன் சிலிண்டரை என் கார்பன் டை ஆக்சைடு ரெகுலேட்டரில் மாட்டலாமா?

ரெகுலேட்டரின் மேல் எழுதியிருக்கும் உச்ச அழுத்தம் நைட்ரஜனுக்குப் போதுமானதாக இல்லாவிட்டால் கூடாது. பெரும்பாலும் போதாது. காரணம் இது: கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது, அறை வெப்பத்தில் அழுத்தம் 60 முதல் 70 பார். நைட்ரஜன் அறை வெப்பத்தில் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. அதனால் வாயுவாகவே 150 பார் வரை திணித்து நிரப்புகிறார்கள். இரண்டு மடங்குக்கும் மேல். இவற்றை யாரும் மாற்றி மாட்டிவிடக் கூடாது என்றுதான் வாயுவுக்கு வாயு வால்வின் வாயை வேறாக வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் அதற்கு ஐ.எஸ். 3224 என்ற தரநிலை உண்டு. அமெரிக்க நைட்ரஜன் வால்வான சி.ஜி.ஏ. 580-இல் மரை உள்பக்கம் இருக்கும்.

நைட்ரஜன் ரெகுலேட்டரை அடாப்டர் போட்டு கார்பன் டை ஆக்சைடில் பயன்படுத்தலாம். அது கூடுதல் அழுத்தத்துக்குச் செய்தது. இதை மறுதிசையில் செய்யும் அடாப்டர் கடையில் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

அப்படியென்றால் நைட்ரஜன் எதற்கு? ‘பீர் கேஸ்’ என்பது என்ன?

ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரில் மேலே பாலாடை மாதிரி நிற்கும் நுரை பார்த்திருப்பீர்கள். அது நைட்ரஜனின் வேலை. 1959-இல் கின்னஸ் கம்பெனியில் மைக்கேல் ஆஷ் என்கிற கணித வல்லுநர் தலைமையில் இந்த முறை உருவானது. நைட்ரஜன் தண்ணீரில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும். கரைந்த அந்தக் கொஞ்சமும் வெளியே வரும்போது மிக நுண்ணிய குமிழாக வரும். ஸ்டவுட்டுக்கு 75 பங்கு நைட்ரஜன், 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு கலவைதான் வழக்கம். இதைத்தான் பீர் கேஸ் என்கிறார்கள். அழுத்தம் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு; ஒரு பார் சுமார் 14.5 பி.எஸ்.ஐ.). குழாயும் வேறு: உள்ளே ஐந்து சின்னத் துளையுள்ள தகடு இருக்கும், பானம் அதில் நெருக்குப்பட்டு வரும்போதுதான் நுரை பிறக்கும். சாதாரணக் குழாயில் பீர் கேஸ் போட்டால் அந்த நுரை வராது.

இந்தக் கலவையைச் சாதாரண லாகர் பீருக்கோ சோடாவுக்கோ போட்டால் நாலைந்து நாளில் சப்பென்று ஆகிவிடும். கலவையில் கார்பன் டை ஆக்சைடு கால் பங்குதான் என்பதால், பானத்தில் ஏற்கெனவே கரைந்திருப்பது மெல்ல மெல்ல மேலே வந்துவிடும்.

நம் ஆட்களுக்கு நைட்ரஜன் இனிப்பது காபியில்தான். குளிர்ந்த நீரில் ஊற வைத்து வடித்த காபியைக் கெக்கில் ஊற்றி, தனி நைட்ரஜன் 35 பி.எஸ்.ஐ. கொடுத்து, ஸ்டவுட் குழாயில் பிடித்தால் டம்ளருக்குள் பழுப்பு நுரை மேலிருந்து கீழாகச் சரியும். பால் சேர்க்காமலே பால் காபியின் வழவழப்பு. கார்பன் டை ஆக்சைடை இதில் கலக்காதீர்கள், காபி புளித்துவிடும். பாலையும் கெக்குக்குள் ஊற்றாதீர்கள், டம்ளரில் சேர்த்துக்கொள்ளலாம். கெக்கை எப்போதும் 4 டிகிரிக்குக் கீழே வையுங்கள். காபியில் அமிலம் குறைவு, கெக்கில் ஆக்சிஜனும் இல்லை. வெளியே விட்டால் போட்யூலிசம் என்கிற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரத் தோதான இடம் அது.

க்ரீம் விப்பருக்குப் போடும் 8 கிராம் குப்பிகள் இருக்கின்றன. அவை ஆகுமா?

குப்பியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வகை உண்டு. சோடா சைஃபனுக்கானது கார்பன் டை ஆக்சைடு. க்ரீமுக்கானது நைட்ரஸ் ஆக்சைடு. அது நைட்ரஜன் அல்ல, பானத்தைத் தித்திப்பாக்கும், மயக்க மருந்தாகவும் பயன்படும் வாயு. அதைக் கெக்கில் போட வேண்டாம்.

மரை உள்ள 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பியும், அதில் மாட்டும் கையடக்க ரெகுலேட்டரும் சுற்றுலாவுக்கு நன்றாக இருக்கும். ஏற்கெனவே கேஸ் ஏறிய பானத்தை வெளியே தள்ள மட்டும். ஒரு குப்பிக்கு ஐந்து லிட்டர் தள்ளலாம். 19 லிட்டர் தண்ணீரைச் சோடாவாக்க 150 கிராம் கேஸ் கரைய வேண்டும். குப்பியில் அதைச் செய்யக் கணக்குப் போட்டால் நீங்களே விட்டுவிடுவீர்கள். சைக்கிள் டயருக்கான குப்பிகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம், உணவுத்தரம் என்று எழுதியிருந்தால் ஒழிய வேண்டாம்.

முக்கியமான ஒன்று: கண்ணாடிக் கூஜாவுக்கு எந்தக் கேஸையும் இணைக்காதீர்கள். அழுத்தத்துக்கென்று செய்த ஸ்டீல் பாத்திரம் மட்டும்.

எத்தனை பி.எஸ்.ஐ. வைக்க வேண்டும்? அமெரிக்க அட்டவணை இங்கே சரிவருமா?

கொஞ்சம் திருத்த வேண்டும். எந்தக் குளிரில் எவ்வளவு அழுத்தம் வைக்க வேண்டும் என்று சொல்லும் அந்த அட்டவணைகள் கடல்மட்டத்துக்குப் போட்டவை. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 13.2 பி.எஸ்.ஐ., சென்னையில் 14.7. நம் மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதைத்தான். அதனால் அட்டவணை எண்ணோடு ஒன்றரை பி.எஸ்.ஐ. கூட்டிக்கொள்ளுங்கள். சாதாரண பீருக்கு 4 டிகிரியில் அட்டவணை 12 என்றால் இங்கே 13 அல்லது 14. நாக்கில் சுள்ளென்று ஏற வேண்டிய சோடாவுக்கு 30 என்றால் இங்கே 31, 32. மும்பையிலோ சென்னையிலோ இருப்பவர்கள் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பானம் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அறை வெப்பத்தில் 30 பி.எஸ்.ஐ. கொடுத்துவிட்டு சோடா ஏறவில்லை என்று சொல்பவர்கள் அதிகம். குளிரில்தான் கேஸ் கரையும். ஃப்ரிட்ஜில் வைத்து, அழுத்தத்தைப் பொருத்தி, ஒரு வாரம் விட்டுவிடுவதே நல்ல வழி.

புது சிலிண்டர் மீட்டரில் 60 பார் காட்டியது. நாலு கெக் முடிந்தும் அதே 60. மீட்டர் கெட்டுவிட்டதா?

இல்லை. உள்ளே ஒரு சொட்டுத் திரவம் இருக்கும்வரை அழுத்தம் மாறாது. வெப்பத்தைப் பொறுத்துத்தான் மாறும். 20 டிகிரியில் 57 பார், 30 டிகிரியில் 72. திரவம் தீர்ந்ததும் முள் கடகடவென்று இறங்கும், அப்போது கையில் அதிக நேரம் இல்லை. சமையல் கேஸை ஆட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து மதிப்பிடுகிற மாதிரி இங்கேயும் எடைதான் கணக்கு. சிலிண்டரின் கழுத்தில் காலி எடை பொறித்திருக்கும். தராசில் வைத்து அதைக் கழித்தால் மீதிக் கேஸ் தெரியும்.

சிலிண்டரை ஃப்ரிட்ஜுக்குள் வைப்பவர்களுக்கு முள் 39 பார் பக்கம்தான் நிற்கும். கேஸ் குறைந்துவிட்டது என்று பதற வேண்டாம், குளிர்தான் காரணம்.

2 கிலோ சிலிண்டர் எத்தனை கெக் வரும்? பீரில் கரைய 93 கிராம், வெளியே தள்ள 60 கிராம் சொச்சம். கசிவில்லாமல் இருந்தால் பன்னிரண்டு கெக். சோடாவுக்கு இரண்டும் சேர்ந்து 250 கிராமைத் தொடும், ஏழெட்டுக் கெக்.

நைட்ரஜனில் கதை வேறு. அங்கே மீட்டர் சொல்வது உண்மை: 150 பார் நிறைந்தது, 75 பாதி.

எவ்வளவு இறுக்கினாலும் கசிகிறது. டெஃப்லான் டேப் சுற்றலாமா?

சிலிண்டர் வாயில் சுற்ற வேண்டாம். அங்கே கேஸை நிறுத்துவது மரை அல்ல, இரண்டு தட்டையான முகங்களுக்கு நடுவில் நசுங்கும் வாஷர். டேப் சுற்றினால் நட்டு முழுசாக இறங்காமல் வாஷர் நசுங்காது, கசிவு கூடும். டிஸ்கனெக்டில் இருக்கும் கூம்பு முகமுள்ள ஃப்ளேர் ஃபிட்டிங்கிலும் டேப் கிடையாது. ரெகுலேட்டர் உடம்பில் மீட்டர் ஏறும் கூம்பு மரைக்கு மட்டும்தான் டேப்.

பழைய வாஷரைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்து, ஓரத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கும். நைலான் வாஷர் ஒருமுறை ஒரு முகத்துக்கு நசுங்கினால் அடுத்த சிலிண்டரின் முகத்துக்குச் சரியாகப் படியாது. சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் புதுசு போடுங்கள். சில அமெரிக்க ரெகுலேட்டர்களின் மூக்கிலேயே ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், இருக்கும், அதற்கு வாஷர் வேண்டாம்.

பிறகு சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவி ஒரு நிமிடம் காத்திருங்கள். பெரிய கசிவு உடனே பொங்கும். ஒரே ராத்திரியில் சிலிண்டரைக் காலி செய்யாமல் ஒரு வாரத்தில் காலி செய்யும் சின்னக் கசிவு, கடுகளவு வெண்ணுரையாக ஒரு ஓரத்தில் மெல்ல வளரும். கெக் மூடியின் ஓ-ரிங்கையும் விட்டுவிடாதீர்கள்; கேஸ் போவது அங்கேயாகவும் இருக்கும்.

ஒரு சிலிண்டரில் இரண்டு கெக், அல்லது ஒரு கெக்குக்கு இரண்டு சிலிண்டர் போடலாமா?

முதலாவது சுலபம். ரெகுலேட்டருக்கு அப்புறம் கிளைக்குழாய் வைத்து, ஒவ்வொரு கிளையிலும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் இஞ்சிப் பானத்தின் வாடை பக்கத்துக் கெக்குக்கு வந்துவிடும். இரண்டுக்கும் ஒரே அழுத்தம்தான் கிடைக்கும். வேறு வேறு வேண்டுமென்றால் இரண்டாம் ரெகுலேட்டர் வேண்டும்.

இரண்டு சிலிண்டர் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனி ரெகுலேட்டர் வைத்து, குறைந்த அழுத்தப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். இரண்டு சிலிண்டர்களின் வாயை நேராக இணைக்கக் கூடாது. பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு வீட்டிலேயே மாற்றி ஊற்றும் வேலையும் வேண்டாம். சிலிண்டர் நிரப்புவது 2016-ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டர் விதிகளின்படி உரிமம் உள்ளவர்கள் செய்ய வேண்டியது. அதற்குப் பொறுப்பான பெசோ என்ற அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடைக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு எடைக்குத்தான் நிரப்ப வேண்டும். 3 லிட்டர் சிலிண்டருக்கு 2 கிலோ. அதிகம் ஊற்றிவிட்டால், வெயிலில் திரவம் விரிய இடமில்லாமல் அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

ஃபிளாட்டில் எங்கே வைப்பது? கசிந்தால் மூச்சு முட்டுமா?

முட்டும், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2 கிலோ முழுவதும் வெளியேறினால் சுமார் 1,100 லிட்டர் வாயு. நீளம், அகலம், உயரம் எல்லாம் 3 மீட்டராக உள்ள மூடிய அறையில் அது 4 சதவீதம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிலகப் பாதுகாப்பில் வைத்திருக்கும் எல்லையே அதுதான். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் கீழே தேங்கும். தரையில் படுத்திருக்கும் குழந்தைக்கும் நாய்க்கும் முதலில் ஆபத்து. ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம், பூஜை அறைப் பக்கம், படுக்கையறை எதுவும் வேண்டாம். காற்றோட்டமுள்ள யூட்டிலிட்டி பால்கனி நல்லது, நேர் வெயில் படாமல். நிமிர்த்தி வைத்து, சுவரோடு சங்கிலியோ பட்டையோ போட்டுக் கட்டுங்கள். சாய்ந்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். நைட்ரஜனில் இன்னும் கவனம்: கார்பன் டை ஆக்சைடு மூச்சை வாங்கவைத்து எச்சரிக்கும், நைட்ரஜன் எந்த அறிகுறியும் தராது.

நிரப்பக் கொண்டுபோகும்போது என்ன பார்க்க வேண்டும்?

கழுத்தில் பொறித்திருக்கும் சோதனைத் தேதி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும். தேதி தாண்டியதை நல்ல டீலர் தொட மாட்டார், தொடுபவரிடம் நீங்கள் போக வேண்டாம். பீன்யாவில் பல கடைகளில் உங்கள் சிலிண்டரை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுப்பார்கள். அப்படி மாறி வருவதில் வால்வின் மரையே வேறாக இருக்கலாம், ஆகவே உங்கள் நட்டைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே ஏற்றிப் பாருங்கள். பெயின்ட் நிறத்தை நம்ப வேண்டாம், சின்னச் சிலிண்டர்களுக்குக் கையில் கிடைத்த வர்ணம் அடித்திருப்பார்கள், லேபிளைப் படியுங்கள். நிரப்பும் முன்னும் பின்னும் தராசில் வைக்கச் சொல்லுங்கள். வண்டியில் ஜன்னலைத் திறந்து வைத்து நேராக வீட்டுக்கு வாருங்கள், வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

புது சிலிண்டரை மாட்டித் திறக்கும் வரிசை?

பழைய சிலிண்டரின் வால்வை மூடி, லைனில் உள்ள கேஸை வெளியே விட்டுக் கழற்றுங்கள். ரெகுலேட்டரின் அழுத்தத் திருகை இடப்பக்கம் முழுதும் தளர்த்திவிடுங்கள். புது வாஷர் போட்டு நட்டைக் கையால் ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள். ரெகுலேட்டருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, வால்வை மெதுவாகத் திறவுங்கள். மீட்டர் நின்றதும் முழுதாகத் திறக்கலாம். அப்புறம் அழுத்தத் திருகை வலப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி வேண்டிய எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கெக்கில் மாட்டியதும் மூடியின் பாதுகாப்பு வால்வை இரண்டு மூன்று முறை இழுத்துவிடுங்கள், மேலே தங்கிய காற்று போய்விடும். சோப்புத் தண்ணீர் சோதனையை அதற்கப்புறம் ஒருமுறை செய்துவிட்டு ஃப்ரிட்ஜை மூடலாம்.